ரங்கத்துக்கு வேண்டியது கப்பல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போர்ட் பிளேரிலிருந்து ரங்கத், மாயாபந்தர் வழியாக டிக்லிபூர் வரை போகும் அந்தமான் டிரங்க் ரோட்டை அகலப்படுத்துவது மத்திய, வடக்கு அந்தமான் மக்களின் நன்மைக்காகத்தான் என்கிறார்கள். அந்த மக்களில் நானும் ஒருவன். இருபது வருடங்களுக்கு மேலாக ரங்கத்தில் இருக்கிறேன். எங்களுக்கு வேண்டியது நாள் தவறாமல் ஓடும் கப்பல்.

சென்ற வருடம் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. போர்ட் பிளேருக்குக் கொண்டுபோயாக வேண்டும். ஜெட்டிக்கு ஓடினேன். 'இன்று கப்பல் இல்லை' என்று சாக்பீஸால் எழுதியிருந்தது. ஏன் இல்லை, நாளைக்கு உண்டா, ஒன்றும் எழுதவில்லை. வண்டி பிடித்தோம். 170 கிலோமீட்டர். வழியில் பாராடாங் தீவின் தென்கோடியில் வண்டிகளை ஏற்றும் ஃபெர்ரிக்கு வரிசை. கடந்து எதிர்க்கரையில் மிடில் ஸ்ட்ரெய்ட் ஜெட்டியில் இறங்கினால், காட்டுக்குள் வண்டிகளைக் காவலோடு கூட்டமாக விடும் அடுத்த கான்வாய்க்குக் காத்திருப்பு. பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. அதே அம்மா முன்பு கண் ஆபரேஷனுக்குப் போனபோது கப்பலில் கால் நீட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டே போனவர்.

அந்த ரோடு ஜாரவா பழங்குடி மக்களின் காட்டைப் பிளந்துகொண்டு போகிறது. 1957இலேயே அவர்களுக்கென ஒதுக்கிய காடு அது. எழுபதுகளில் உள்ளே ரோடு போட்டார்கள். மொத்தமே சில நூறு பேர். 1999இல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. காட்டுக்குள் போகும் பகுதிகளை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002 மே மாதம் உத்தரவிட்டது. மூடவில்லை. அவர்களை ஆடவைத்து எடுத்த வீடியோ 2012இல் வெளிவந்து உலகமே காறித் துப்பியதே, நினைவிருக்கிறதா? சுண்ணாம்புக் குகை பார்க்க வருகிறவர்களை முழுக்கக் கடல் வழியாகவே பாராடாங்குக்குக் கூட்டிப்போகலாம். அதற்குக்கூட மனம் வரவில்லை.

ஜூன், ஜூலையில் கடல் கொந்தளித்தால் என்ன செய்வாய் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்த நாட்களில் ஆம்புலன்ஸ் ரோட்டில் போகட்டும், யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் கடல் அமைதியாகக் கிடக்கும் ஜனவரி, பிப்ரவரியிலும் கப்பலை நிறுத்துகிறார்களே, அதற்கு மழை மீது பழி போட முடியுமா? பழுதானால் மாற்றுக் கப்பல் இல்லை, அதுதான் காரணம்.

எங்கள் பக்கத்தில் லாங் ஐலண்ட் இருக்கிறது. அந்தத் தீவுக்கு ரோடே கிடையாது. கடல் வழியாகப் போட்டிலோ கப்பலிலோ போனால்தான் உண்டு. டிரங்க் ரோட்டை எத்தனை வழிச்சாலையாக ஆக்கினாலும் அங்கே பிரசவ வலி எடுத்த பெண்ணுக்கு அதனால் ஒரு உபயோகமும் இல்லை.

ரோட்டுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை எடுத்து ரங்கத், மாயாபந்தர், டிக்லிபூர் மார்க்கத்துக்கு மாற்றுக் கப்பலோடு தினசரி சேவை தாருங்கள். கப்பல் ரத்தானால் முந்தின நாள் மாலைக்குள் செல்போனில் தகவல் சொல்லுங்கள். நோயாளிக்கு இரண்டு படுக்கையை எப்போதும் காலியாக வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ரங்கத், மத்திய அந்தமான்