வடசுவரை விட்டுவிடுங்கள்: ஒரு திருப்பணிக் குழுவுக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய திருப்பணிக் குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர் பெருமக்களுக்கும்,

வணக்கம்.

பாலாலயம் முடிந்து, சாரம் கட்டி, போன செவ்வாய்க்கிழமை சுவரில் மணலைப் பீய்ச்சி அழுக்கெடுக்கும் கம்ப்ரசர் வண்டி கோயிலுக்குள் வந்ததிலிருந்து என்ன நடந்தது என்பது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். கருவறையின் தென்சுவர் இரண்டே நாளில் வெளுத்துவிட்டது. மேற்கே பாதி ஆகிவிட்டது. வடசுவரில் மட்டும் இன்னும் கை வைக்கவில்லை. கல்வெட்டு நிறைந்த அந்த வடசுவருக்காகத்தான் இந்த மடல். கம்ப்ரசரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். எங்கள் கோரிக்கை இது ஒன்றுதான்.

குடமுழுக்கை யாரும் தடுக்கவில்லை. எண்ணெய்ப் பிசுக்கும், விளக்குக் கரியும், அடுக்கடுக்காக அடித்த சுண்ணாம்பும் போகத்தான் வேண்டும். கல்லோடு சேர்ந்து போக வேண்டுமா என்பதுதான் கேள்வி.

“கருங்கல்தானே, மணல் பட்டால் என்ன ஆகும்?” என்று ஒப்பந்தக்காரர் கேட்டாராம். நல்ல கேள்வி. கருங்கல் ஒரே பொருள் அல்ல. படிகக்கல் (குவார்ட்ஸ்), ஃபெல்ஸ்பார், மைக்கா என்று பல கனிமங்கள் இறுகிச் சேர்ந்ததுதான் அது. மோஸ் கடினத்தன்மை அளவில் படிகக்கல்லுக்கு 7, ஃபெல்ஸ்பாருக்கு 6, மைக்காவுக்குச் சுமார் 2.5 முதல் 3. நீங்கள் மூட்டை மூட்டையாக இறக்கியிருக்கும் மணலும் பெரும்பாலும் படிகக்கல்தான். அதைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சினால் முதலில் மைக்கா தெறிக்கும், அடுத்து ஃபெல்ஸ்பார் பொடியும். மிஞ்சுவது குண்டும் குழியுமான ஒரு பரப்பு. தென்சுவரில் கையை வைத்துப் பாருங்கள், உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். சிற்பி உளி போட்டு, தேய்த்து, வழுவழுப்பாக்கி விட்டுப்போன தோல் அது. அது ஒருமுறைதான் உரியும். அந்தக் குழிகளில் இனி மழைநீரும் தூசியும் தங்கும், பாசி முன்பைவிட வேகமாக ஏறும். இன்று பளிச்சென்று இருக்கும் சுவர் ஓரிரு மழைக்காலத்திலேயே முன்னைவிடக் கறுக்கும். அப்போது மறுபடி கம்ப்ரசரைக் கூப்பிடுவீர்களா?

இன்னொன்றையும் பார்த்திருப்பீர்கள். குழாயைப் பிடித்திருந்த இளைஞர் முகத்தில் ஒரு ஈரத் துண்டைக் கட்டியிருந்தார், அவ்வளவுதான் அவருக்குக் காப்பு. மணல் உடைந்து பறக்கும் நுண்தூசி நுரையீரலில் தங்கினால் சிலிகோசிஸ் வரும். வந்தால் தீராது. கோயில் புண்ணியக் கணக்கில் இதை எந்தப் பக்கம் எழுதுவது?

சரி, வடசுவருக்கு வருவோம். மூன்று சுவரிலும் அழுக்கு மிகுந்தது அதுதான். அபிஷேக நீர் வெளியேறும் கோமுகை அந்தப் பக்கம் இருப்பதால் அபிஷேகப் பாலும் எண்ணெயும் தண்ணீரும் அங்கேதான் வழிகிறது. துர்க்கை நிற்கும் சுவர்மாடமான கோட்டமும் அங்கேயே. விளக்கு ஏற்றி ஏற்றி அம்மனின் முகத்துக்கு மேலே கரி ஒரு விரற்கடை தடிப்புக்கு ஏறியிருக்கிறது. அழுக்கு அதிகம் என்றால் குழாயை அங்கேதான் அதிக நேரம் பிடிப்பார்கள். கல்வெட்டு அதிகம் இருப்பதும் அங்கேதான். அடித்தளத்தின் கீழ்ப்பகுதியான ஜகதியில் தொடங்கி, அதற்கு மேலுள்ள முப்பட்டைக் குமுதத்தின் மூன்று பட்டையிலும் ஓடி, கோமுகைக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் வெளியே வருகிறது. எழுத்தின் ஆழம் பல இடங்களில் ஓரிரு மில்லிமீட்டர்தான்.

அதில் ஒரு விளக்குத் தானம் இருக்கிறது. சோழர் காலக் கோயில்களில் நூற்றுக்கணக்கில் காணப்படும் வகைதான், அரியது ஒன்றுமில்லை. ஒருவர் அணையாமல் எரியும் நந்தா விளக்கு ஒன்றுக்காகச் “சாவா மூவாப் பேராடு” தொண்ணூற்றாறு விடுகிறார். அந்த ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும், சந்திரனும் சூரியனும் உள்ளவரை. மந்தையில் ஒன்று செத்தால் குட்டி ஒன்று அதன் இடத்துக்கு வரும், எண்ணிக்கை குறையாது. அதனால்தான் சாவாத, மூப்படையாத ஆடு. கணக்கு எவ்வளவு நேர்த்தி!

இப்போது அந்த எண்ணைப் பாருங்கள். எண்ணுருவில் வெட்டினால் தொண்ணூற்றாறு ௯௰௬ என்று வரும், மூன்றே குறிகள். முதல் குறி மழுங்கினால் ௰௬, அதாவது பதினாறு ஆடு. நிலக்கணக்கு இன்னும் மோசம். மா என்பது வேலி என்ற பழைய நில அளவில் இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரிகை முந்நூற்றிருபதில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் சின்னஞ்சிறு குறிதான், ஒரு கோடு தேய்ந்தால் வேறு அளவாகிவிடும். பழைய கல்வெட்டில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள். ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவம். முன்னும் பின்னும் உள்ள எழுத்தை வைத்துத்தான் படிக்கிறோம். நடுவில் நான்கு எழுத்து போனால் எட்டுச் சொல் போகும்.

“தென்சுவரில் எழுத்து இன்னும் தெரிகிறதே” என்று உறுப்பினர் ஒருவர் சொன்னதாகக் கேள்வி. தெரியும். மாலையில் டார்ச்சைச் சுவரோடு சாய்த்துப் பிடித்தால் நிழலாகத் தெரியும். ஆனால் விளிம்பு உருண்டுவிட்ட எழுத்தில் தாள் பிடிக்காது, கல்வெட்டைத் தாளில் ஒற்றிப் படி எடுக்க முடியாது.

படி எடுப்பது பெரிய வேலையும் அல்ல. சுவரைத் தண்ணீர் விட்டு மென்மையான தூரிகையால் கழுவ வேண்டும். ஈரம் இருக்கும்போதே நனைத்த மேப்லித்தோ அச்சுத் தாளைச் சுருக்கமில்லாமல் ஒட்டி, கெட்டி மயிர்த் தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் தாளை இறக்க வேண்டும். தாள் சற்று உலர்ந்ததும் விளக்குக் கரியும் பிசினும் கலந்த மையை ஒற்றியால் மெல்ல ஒற்ற வேண்டும். பரப்பு கறுக்கும், எழுத்து வெள்ளையாக நிற்கும். அவசரப்பட்டு ஈரத்தாளில் மை வைத்தால் மை எழுத்துக்குள் இறங்கி எல்லாம் பாழ். வெயில் நன்றாக அடித்தால் காலையில் ஒட்டிய தாள் மதியத்துக்குள் உரிந்து வரும். உங்கள் வடசுவருக்கு மூன்று நாள் போதும். கூலி வேண்டாம், சாரத்தை மட்டும் விட்டு வையுங்கள்.

அழுக்கை எடுக்கவும் வழி இருக்கிறது. சுண்ணாம்புப் பூச்சைத் தண்ணீரில் ஊற வைத்து மூங்கில் சிம்பால் சுரண்டினால் ஏடு ஏடாக வரும். இரும்பு உளி கூடவே கூடாது. எண்ணெய்ப் பிசுக்குக்குத் தண்ணீரில் இரண்டு மூன்று சதவீதம் அம்மோனியா, கொஞ்சம் காரமில்லாத திரவ சோப்பு, நைலான் தூரிகை. முதலில் கண்ணில் படாத ஒரு மூலையில் ஒரு சாண் அகலத்துக்குச் செய்து பார்த்து, கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் மேலே போகலாம். பிறகு நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று தடவை கழுவ வேண்டும். ஆசிட் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். எனாமல் பெயிண்ட் அடித்த இடங்களைத் தொல்லியல் வேதியியலாளர் ஒருவர் பார்க்கட்டும். இரண்டு நாளில் முடிகிற வேலை இரண்டு வாரம் ஆகும், உண்மைதான். எத்தனையோ நூற்றாண்டு நின்ற சுவருக்கு இரண்டு வாரம் அதிகமா?

மணல் வீச்சைக் கோயில் கல்லில் பயன்படுத்தக் கூடாது என்று அறநிலையத் துறை தடை விதித்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. உங்களுக்குத் தெரியாததல்ல. கம்ப்ரசர் இரவில் ஓடியதற்குக் காரணமும் அதுதான் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். நாங்கள் அப்படிச் சொல்லவில்லை. பகலில் வெயில் அதிகமாக இருந்திருக்கும்.

சுவரோடு இது நிற்பதாகவும் தெரியவில்லை. பிராகாரத்தில் தரையை ஒன்றரை அடி உயர்த்திக் கிரானைட் பதிக்கப் போவதாகத் தகவல் பலகை வைத்திருக்கிறீர்கள். ஒன்றரை அடி உயர்ந்தால் ஜகதிக்கும் கீழே உள்ள உபானம் முழுக்க மறையும், ஜகதியின் கீழ்வரிகள் மண்ணுக்குள் போகும், மழைநீர் கருவறைப் பக்கம் திரும்பும். வெளி மண்டபத்தைப் பிரித்துக் கட்டும் திட்டமும் இருக்கிறதாம். பிரித்த கற்களுக்குச் சாக்பீசில் எண் போட்டதால் போன வருடம் பக்கத்து ஊரில் என்ன ஆனது என்று பார்த்தோம். ஒரு மழையில் எண் கரைந்தது. இப்போது அங்கே ஒரு மன்னனின் புகழைச் சொல்லும் மெய்க்கீர்த்தி பாதியில் நின்று, அடுத்த கல்லில் எண்ணெய்க் கணக்கு தொடங்குகிறது. கம்போடியாவில் அங்கோர் நகரத்துப் பாப்புவோன் கோயிலைப் பழுதுபார்க்கப் பிரெஞ்சுக்காரர்கள் பிரித்து வைத்தார்கள், சுமார் மூன்று லட்சம் கற்கள். 1970-களின் போரில் கற்களின் எண் குறித்த ஆவணங்கள் அழிந்தன. 1995-இல் மறுபடி தொடங்கி 2011-இல்தான் கோயிலைத் திறக்க முடிந்தது. அவர்களிடம் காகிதம் போனதற்குப் போர் காரணம். நம்மிடம் சாக்பீஸ்.

தஞ்சைப் பெரிய கோயில் 1987-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் 2004-இல் சேர்ந்தன. அவற்றைப் பார்க்க உலகின் மூலை முடுக்கிலிருந்து வருகிறவர்களில் விஷயம் தெரிந்தவர்கள் அதோடு திரும்புவதில்லை. உள்ளங்கை அகலச் சிற்பங்களைப் பார்க்கப் புள்ளமங்கைக்குப் போகிறார்கள். குடவோலை முறையைச் சொல்லும் முதலாம் பராந்தக சோழன் காலக் கல்வெட்டைப் பார்க்க உத்திரமேரூருக்குப் போகிறார்கள். அதேபோல உங்கள் கோயிலைத் தேடியும் வருகிறார்கள். சுற்றுலா வளர வேண்டும் என்று சட்டமன்ற உறுப்பினரிடம் நீங்கள் கொடுத்த மனுவை நாங்களும் படித்தோம். வருகிறவர்களுக்கு எதைக் காட்டப் போகிறீர்கள்? பாலிஷ் போட்ட கிரானைட்டும் எல்.இ.டி. விளக்கும் அவர்கள் இறங்கிய விமான நிலையத்திலேயே இருக்கிறது.

உபயதாரர் பெயர்களைப் பொறிக்க வாசலில் கறுப்புக் கிரானைட் பலகை தயாராகிறது. தாராளமாக வையுங்கள், கொடுத்தவர் பெயர் நிற்க வேண்டியதுதான். “நாம் கொடுத்தனவும், நம் அக்கன் கொடுத்தனவும், நம் பெண்டுகள் கொடுத்தனவும், மற்றும் கொடுத்தார் கொடுத்தனவும்” கல்லிலே வெட்டச் சொன்னவன் இராசராசன். ஆனால் தொண்ணூற்றாறு ஆடு கொடுத்தவர் பெயரைத் தேய்த்துவிட்டு, தேய்த்த கம்ப்ரசருக்கு வாடகை கொடுத்தவர் பெயரை வெட்டுவது எந்த ஊர் நியாயம்?

கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டோம், பொறுத்தருளுங்கள். உங்கள் பக்தியையோ உழைப்பையோ நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. வீடு வீடாக நடந்து நிதி திரட்டியவர்கள் நீங்கள். குடமுழுக்கு நாள் குறித்தாகிவிட்டது, தள்ளிப்போட முடியாது என்பதும் தெரியும். அதனால்தான் ஒன்றே ஒன்று கேட்கிறோம். வடசுவரில் மணல் வீச்சு வேண்டாம். கம்ப்ரசரைத் திருப்பி அனுப்புங்கள். மூன்று நாள் படி எடுக்க விடுங்கள். அதன்பின் தூரிகையும் தண்ணீருமாக நாங்களே ஆட்களோடு வந்து சுத்தம் செய்து தருகிறோம், குறித்த நாளுக்கு முன்பே.

வடக்குப் பிராகாரத்தில் அடுக்கியிருக்கும் மணல் மூட்டைகள் வீணாகிவிடுமே என்ற கவலையும் வேண்டாம். வெளி மதிலில் மூன்று இடத்தில் காரை பெயர்ந்திருக்கிறது. நீற்றிய சுண்ணாம்பு சேர்த்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் குழைத்தால் அந்த மணல் அங்கே சரியாக இருக்கும். சிமென்ட் மட்டும் கலக்க வேண்டாம்.

இப்படிக்கு,
கல்வெட்டுப் படிப்போர் சிலர்