கொல்கத்தாவில் கேட்காமலே கை கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள மாஷிமாவுக்கும், கிளப் பிள்ளைகளுக்கும், மருந்துக்கடை தாதாவுக்கும், எதிர்வீட்டு தீதிக்கும், லேக் மார்க்கெட் மளிகைக்கடை ஐயாவுக்கும், பெயர் கேட்டுவைத்துக்கொள்ளத் தவறிய இன்னும் பலருக்கும்,

வணக்கம்.

திருச்சியிலிருந்து நாங்கள் இங்கே வந்து இந்தச் சித்திரையோடு ஒரு வருடம் ஆகிறது. மளிகைக்கடை ஐயாவைத் தவிர உங்களில் யாருக்கும் தமிழ் படிக்க வராது. தெரிந்தேதான் தமிழில் எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த பெங்காலி காய்கறி வாங்கவும் ஆட்டோவில் இறங்குமிடம் சொல்லவும் போதும். மனதில் இருப்பதைச் சொல்ல அது பற்றாது. இந்த மடலை என் மகள் உங்கள் வீடுகளுக்கு எடுத்து வந்து பெங்காலியில் சொல்வாள். அவளுக்கு இப்போது நன்றாகவே பேச வருகிறது. அதற்குக் காரணமும் உங்களில் ஒருவர்தான்.

தமிழில் இதைப் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை சொல்லிவிடுகிறேன். இங்கே மாஷிமா என்றால் பெரியம்மா மாதிரி, தாதா என்றால் அண்ணன், தீதி என்றால் அக்கா. எனக்கு வங்கியில் பதவி உயர்வு வந்தது, கூடவே கொல்கத்தாவுக்கு மாற்றலும் வந்தது. கணவருக்கு அவர் வேலையை விட்டு வர மூன்று மாதம் ஆகும் என்றார்கள். ஆனால் இங்கே பிள்ளைகளின் பள்ளி ஏப்ரலிலேயே தொடங்குகிறது. சரி, முதலில் நாங்கள் போவோம் என்று முடிவு செய்தோம். நாங்கள் என்றால் நான், மாமியார், ஏழாம் வகுப்பு போகும் மகள், ஒன்றாம் வகுப்பு போகும் மகன். அத்தைக்கு எழுபத்திரண்டு வயது. திருச்சியைத் தாண்டி அதிகமாகப் போனது திருப்பதி வரைதான்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் என் பழைய கிளையில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் வீட்டுக்கு வந்தார். அவரும் ஊர் ஊராக மாறியவர். "கேஸ் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்தால் டிரான்ஸ்ஃபர் வவுச்சர் தருவார்கள். அதையும் பிள்ளைகளின் டிசியையும் லாரியில் மட்டும் ஏற்றிவிடாதே, கைப்பையிலேயே வைத்துக்கொள்" என்றார். அன்றைக்கு அது சின்ன விஷயமாகத்தான் பட்டது. அக்கா, அந்த ஒரு வார்த்தைக்காக இந்த மடலில் முதல் நன்றி உங்களுக்குத்தான். ஏன் என்று இனிமேல் சொல்கிறேன்.

சென்னையிலிருந்து ஹவுரா மெயிலில் வந்தோம். வண்டி தாமதம். ஹவுராவில் இறங்கி, பிரீபெய்ட் டாக்சிக்கு வரிசையில் நின்று, மஞ்சள் அம்பாசடர் ஒன்றில் ஏறிப் பாலத்தைக் கடந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. மகன் என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை, முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டே வந்தார். அவருக்குப் பயம் வந்தால் அப்படித்தான் செய்வார். லேக் மார்க்கெட் பக்கத்துச் சந்தில் வண்டி நின்றதும் பார்க்கிறேன், கீழ்வீட்டில் விளக்கு எரிகிறது. வெள்ளைப் புடவையில் ஒரு வயதான அம்மா வாசல்படியில் உட்கார்ந்திருக்கிறார். வீட்டுக்கார மாஷிமா. சாவியைக் கொடுப்பதற்கு முன்பே கேட்டார், "பாத் கேயேச்சோ?"

சோறு சாப்பிட்டாயா என்று அர்த்தம். அப்போது எனக்கு அது புரியவில்லை. அத்தைக்குப் புரிந்தது. எப்படி என்று இன்றுவரை தெரியவில்லை, தலையை இல்லை என்று ஆட்டினார். ஐந்து நிமிடத்தில் பூரி மாதிரியான லூச்சியும் உருளைக்கிழங்கும் மேலே வந்தன. சந்தித்ததும் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பது நம்மூர்ப் பழக்கம் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

அப்புறம் லாரி கதை. ஆறு நாளில் சாமான் வந்துவிடும் என்று சொன்னவர்கள் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். பதின்மூன்று நாள் ஆனது. அந்தப் பதின்மூன்று நாளும் நான்கு பேர் குடித்தனம் நடத்தியது இரண்டு சூட்கேசையும் உங்கள் வீட்டுச் சாமான்களையும் வைத்துத்தான். முதல் நாள் காலையிலேயே மாஷிமாவின் பழைய அடுப்பு, பாய், இரண்டு பாத்திரங்கள். அன்று மாலை, இந்தத் தெருப் பிள்ளைகள் கூடும் கிளப்பிலிருந்து இரண்டு பையன்கள் கொசுவலையோடு வந்து நின்றார்கள். இங்கே அதற்கு மஷாரி என்று பெயர், அதில்லாமல் யாரும் படுப்பதில்லை. நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்க மொழியும் இல்லை. சுவரில் ஆணி இல்லாததைப் பார்த்து ஒருவன் ஓடிப்போய்ச் சுத்தியல் கொண்டுவந்தான்.

கைப்பையில் இருந்த வவுச்சரைக் காட்டியதால் அந்த வாரத்திலேயே புது சிலிண்டர் கிடைத்தது. டிசி இருந்ததால் பள்ளியில் சேர்க்க முடிந்தது. அவை அந்த லாரியில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

பகலில் லாரிகளை நகருக்குள் விடமாட்டார்கள் என்பதால் அது வந்ததும் இரவு ஒரு மணிக்குத்தான். சந்துக்குள் நுழையவில்லை. மேற்கொண்டு ஒன்பதாயிரம் கொடுத்தால்தான் இறக்குவோம் என்றான் டிரைவர். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. கிளப்பில் கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்கள் சத்தம் கேட்டு வந்தார்கள். கிளப்பில் மூத்தவர் ஒருவர் என் கையிலிருந்த ரசீதை வாங்கி, தெருவிளக்கின் கீழே நின்று வரிவரியாகப் படித்தார். குரலை உயர்த்தவில்லை. ரசீதில் எழுதியிருந்த தொகைக்கு மேல் ஒரு ரூபாய்கூட நான் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அப்புறம் பதினோரு பேர் சேர்ந்து பீரோ, பிரிட்ஜ், கட்டில் எல்லாவற்றையும் மெயின் ரோட்டிலிருந்து தோளில் தூக்கி வந்தார்கள். கிரைண்டரின் கல்லைத் தூக்கிய பையன் "இது என்ன, சிவலிங்கமா?" என்று கேட்டதாக மகள் பின்னால் சொன்னாள். விடியும்போது எல்லாருக்கும் டிகாக்‌ஷன் காபி போட்டுக் கொடுத்தார் அத்தை. அந்த வீட்டில் நாங்கள் போட்ட முதல் காபி அது.

லேக் மார்க்கெட் மளிகைக்கடை ஐயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1911 வரை கல்கத்தாதான் இந்தியாவின் தலைநகரம். அந்தக் காலத்திலிருந்தே கணக்குவேலைக்கும் சுருக்கெழுத்து வேலைக்கும் வந்த நம்மவர்கள் நாளடைவில் இந்தப் பக்கத்தில்தான் அதிகம் குடியேறினார்கள். அதனால் ராஷ்பிஹாரி அவென்யூவில் இன்றும் கோமள விலாஸ் ஓட்டல் இருக்கிறது, சந்தையில் கறிவேப்பிலையும் கட்டிய மல்லிகைப்பூவும் கிடைக்கின்றன. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. வேறொரு கடையில் புழுங்கல் அரிசி கேட்டு, கையால் ஜாடை காட்டி, பச்சரிசியோடு திரும்பிக்கொண்டிருந்தேன். என் பையைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இட்லிக்கா வாங்கினீங்க? இது ஆதப் சால், பச்சரிசி. புழுங்கலுக்கு இங்க சித்தோ சால்னு கேக்கணும்" என்று தமிழில் ஒரு குரல். நடுரோட்டில் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஐயா அதைக் கவனிக்காதது போல ஒரு துண்டுத்தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். உளுந்துக்கு பியுலிர் டால், துவரைக்கு அரஹர், முருங்கைக்காய்க்கு சொஜ்னே டாண்டா, வாழைப்பூவுக்கு மோச்சா, வாழைத்தண்டுக்கு தோட். ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் பெங்காலி உச்சரிப்பு. அந்தத் தாள் இன்றைக்கும் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. மஞ்சள் கறை படிந்து பாதி எழுத்து அழிந்துவிட்டது, எடுக்க மனம் வரவில்லை.

அந்தத் தாளில் இருந்த மோச்சாதான் அத்தையை மீட்டுக் கொடுத்தது. வந்து ஒரு மாதம் வரை அவர் ஜன்னலோரத்தில் உட்கார்ந்தே பொழுதைக் கழித்தார். பேச ஆள் இல்லை. நானும் பிள்ளைகளும் போனால் மாலைதான் வருவோம். ஒரு சனிக்கிழமை நான் வாழைப்பூ வாங்கி வந்தேன். அத்தை மாடிப்படியில் முறம் வைத்து உட்கார்ந்து உரிக்கத் தொடங்கினார். மாஷிமா கீழிருந்து பார்த்தார். உள்ளே போனார். தன் வீட்டு வாழைப்பூவை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்!

நான் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை கையில் நல்லெண்ணெய் தடவியிருந்தார், மாஷிமா கையில் கடுகெண்ணெய். மற்றபடி இருவர் விரல்களும் ஒரே வேலையைத்தான் செய்தன. மடலை விலக்குவது, பூச்சீப்பை எடுப்பது, நுனியை உள்ளங்கையில் தேய்த்து விரிப்பது, நடுவில் இருக்கும் கள்ளனைக் கிள்ளுவது, அந்தக் கண்ணாடித்தோலை உரிப்பது. அத்தை நறுக்கியதை மோரில் போட்டார். மாஷிமா அதைப் பார்த்துப் புருவத்தை உயர்த்திவிட்டு, தன்னுடையதை உப்பும் மஞ்சளும் கரைத்த தண்ணீரில் போட்டார். இருவரும் ஒருவர் பாத்திரத்தை ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டார்கள். ஒரு மணி நேரம். அத்தை தமிழில் பேசினார், மாஷிமா பெங்காலியில் பேசினார். அன்று இரவு எங்கள் வீட்டில் மோச்சார் கொண்டோ என்கிற வாழைப்பூக் கறி, மாஷிமா வீட்டில் பருப்புசிலி. மறுநாள் காலை பத்து மணிக்கு அத்தை தானாகவே எழுந்து கீழே போனார். அன்றிலிருந்து ஒரு நாள் தவறியதில்லை. மாஷிமா, நீங்கள் எங்களுக்கு வாடகைக்கு வீடு கொடுத்தது பெரிதில்லை, என் மாமியாருக்குப் பேச்சுத்துணை கொடுத்தீர்களே, அதை நான் எப்படித் தீர்ப்பேன்?

ஜூன் கடைசியில் ஒரு ராத்திரி. மாலையிலிருந்து கொட்டிய மழையில் சந்து முழுக்க முழங்கால் அளவு தண்ணீர். கரெண்டும் இல்லை. மகனுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், அன்று பதினொரு மணிக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. இங்கே டாக்டர்கள் மருந்துக்கடைகளிலேயே ஒரு அறையில் உட்கார்ந்து பார்ப்பார்கள், அதை சேம்பர் என்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரே டாக்டர் முனை மருந்துக்கடையில் மாலையில் வருபவர்தான். தண்ணீரில் இறங்கிப் போய் ஷட்டரைத் தட்டினேன். மாடியில் தூங்கிக்கொண்டிருந்த தாதா டார்ச்சோடு இறங்கி வந்தார். என் பெங்காலி அந்த நேரத்தில் சுத்தமாக மறந்துபோயிற்று. "பாபு, மூச்சு, மூச்சு" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவர் டாக்டருக்கு போன் போட்டார். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார் டாக்டர்.

டாக்சி சந்துக்குள் வராது. கிளப் பையன்களில் ஒருவன், சுத்தியல் கொண்டுவந்தானே அவன்தான், மகனைத் தோளில் போட்டுக்கொண்டான். இன்னொருவன் குடை பிடித்தான். முன்னால் டார்ச் அடித்துக்கொண்டே தாதா, "ஆஸ்தே, ஆஸ்தே" (மெதுவாக, மெதுவாக) என்று பள்ளம் இருக்கும் இடங்களைக் காட்டிக்கொண்டே நடந்தார். மெயின் ரோட்டில் வண்டி பிடித்து, ஆஸ்பத்திரிக்கும் கூடவே வந்து, நெபுலைசர் வைத்து மூச்சு சீரானது வரை இருந்தார்கள். டாக்சிக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கொடுத்தபோது அவர்கள் வாங்கவே இல்லை. நாலு மணிக்குத் திரும்பி வந்தால், மாடிப்படியில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துக்கொண்டு அத்தையும் மாஷிமாவும் கையைக் கோர்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். மகளுக்கு மாஷிமா வீட்டில் பாய் விரித்திருந்தது. திருச்சியில் இருந்த கணவரிடம் விடிந்த பிறகுதான் சொன்னேன். போனில் அவர் அழுதார். பதினைந்து நாள் கழித்து இங்கே வந்து சேர்ந்ததும், பெட்டியைக்கூட வீட்டுக்குள் வைக்காமல் நேராக மருந்துக்கடைக்குத்தான் போனார்.

எதிர்வீட்டு தீதி கல்லூரியில் படிக்கும் பெண். என் மகள் பள்ளியிலிருந்து வந்ததும் பேசாமல் படுத்துக்கொள்வதை பால்கனியிலிருந்தே கவனித்திருக்கிறார். ஒரு நாள் வந்து கூட்டிக்கொண்டு போனார். புத்தகமெல்லாம் பிறகுதான். முதல் மாதம் முழுக்க கடைப் பலகைகளும் மெட்ரோ ஸ்டேஷன் பெயர்களும்தான் பாடம். காளிகாட், ரவீந்திர சரோவர் என்று எழுத்துக்கூட்டிப் படிக்கவைத்தார். இந்தியாவிலேயே முதல் மெட்ரோ 1984-இல் இங்கேதான் ஓடியது என்று வீட்டுக்கு வந்து அவள் பெருமையாகச் சொன்ன அன்று, இது அவள் ஊராகவும் ஆகிவிட்டது என்று தெரிந்துகொண்டேன். தீதி, நீங்கள் பணம் வாங்கவில்லை. உங்கள் தேர்வு நாட்களில்கூட ஒரு மாலை அவளைத் திருப்பி அனுப்பவில்லை.

ஆட்டோவில் எதிர்த்திசை வண்டியில் ஏறிவிட்ட என்னை இறக்கி, ரோட்டைக் கடக்கவைத்து, சரியான வண்டியில் ஏற்றிவிட்ட டிரைவருக்கும், சில்லறை இல்லாமல் விழித்தபோது எனக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டு இறங்கிப்போன அந்தப் பெண்ணுக்கும், துர்கா பூஜை நாட்களில் பந்தலில் அத்தைக்கென்று முதல் வரிசையில் நாற்காலி போட்டுவைத்த பிள்ளைகளுக்கும் இங்கேயே நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

நாளை ஏப்ரல் 14, எங்கள் வருடப்பிறப்பு. மறுநாள் 15 உங்களுடைய பொய்லா பொய்ஷாக். புதுக்கணக்கு போடும் நாளுக்கு வரச்சொல்லி மருந்துக்கடை தாதா போன வாரமே அழைத்துவிட்டார். அதனால் நாங்கள் முந்திக்கொள்கிறோம். நாளை காலை எட்டு மணிக்கு எல்லாரும் மாடிக்கு வாருங்கள். அத்தை இன்று மாலையே மாவு அரைத்துவிட்டார். கல்லைக் கழுவித் தூக்கி வைத்தது சுத்தியல் பையன்தான். இட்லி, சாம்பார், வடை, பாயசம். மாஷிமாவுக்கு வடையில் மிளகு குறைவாகப் போடச் சொல்லியிருக்கிறேன். கிளப்பில் நாற்காலி இருந்தால் நான்கைந்து மட்டும் எடுத்து வாருங்கள், எங்கள் வீட்டில் போதாது.

அன்புடன்,
மாடிவீட்டுக் குடும்பம்