இரண்டு விடியற்காலை

திருத்துறைப்பூண்டி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. டிசம்பர் கடைசி வாரம் பிள்ளைகளோடு வருகிறோம், ஒரே நாளில் வண்டி பிடித்துத் தரங்கம்பாடி, நாகூர், வேளாங்கண்ணி, கோடியக்கரை, முத்துப்பேட்டை எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று எழுதியிருந்தாய். வேண்டாம் அம்மாடி. தரங்கம்பாடியிலிருந்து கோடியக்கரைக்கே கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர். அங்கிருந்து முத்துப்பேட்டை இன்னும் 60-க்கு மேல். நாள் முழுக்கப் பிள்ளைகள் பார்க்கப்போவது வண்டியின் ஜன்னலைத்தான். போதாக்குறைக்கு, முத்துப்பேட்டையும் கோடியக்கரையும் காலை முதல் மூன்று மணி நேரம்தான் கண்ணுக்குப் பிடி கொடுக்கும். வெயில் ஏறிவிட்டால் ஒன்றில் வெறும் சேறு, இன்னொன்றில் வெறும் முள்காடு. ஆகவே இந்த இரண்டுக்கும் ஆளுக்கொரு விடியற்காலை கொடு. நம் வீட்டிலிருந்து முத்துப்பேட்டை 25 கிலோமீட்டர், வேதாரண்யம் 35. இரவு வீட்டில் படுத்து எழுந்து போகிற தூரம்தான்.

முதலில் முத்துப்பேட்டை. அலையாத்திக் காட்டுக்குள், அதாவது உப்புத் தண்ணீரில் வளரும் மரங்களின் காட்டுக்குள், படகில் போக வனத்துறை அனுமதி வேண்டும். வனச்சரக அலுவலகத்தில் முந்தின நாளே சொல்லி வைப்பது நல்லது. விடுமுறைக் கூட்டத்தில் படகு கிடைக்காமல் திரும்புகிறவர்கள் நிறைய. கட்டணம் மாறிக்கொண்டே இருப்பதால் அதையும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம். கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: அன்றைக்குத் தண்ணீர் எப்போது ஏறுகிறது, எப்போது வற்றுகிறது? கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். நேரம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆறும் கடலும் கலக்கிற லகூன், அதாவது உப்பங்கழி, பெரும்பாலும் ஆளின் இடுப்பளவு ஆழம்தான். வற்றுகிற நேரத்தில் உள்ளே போனால் படகு சேற்றில் தட்டி நின்றுவிடும், தண்ணீர் ஏறும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஏறுகிற தண்ணீரோடு உள்ளே போய், வற்றத் தொடங்குகையில் திரும்பிவிடுவதுதான் கணக்கு. டிசம்பரில் ஆறுகள் மழைத் தண்ணீரைக் கொண்டுவருவதால் மட்டம் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். ஆனால் அந்த மாதம் வாடைக் காற்று அடிக்கும். 10 மணிக்கு மேல் திறந்த லகூனில் அலை எழும்பிப் படகுக்குள் தெறிக்கும். காலையில் தண்ணீர் ஏறுகிற நாளாகப் பார்த்து, ஆறரைக்குப் படகில் ஏறி, 10 மணிக்குள் கரைக்கு வந்துவிடுங்கள்.

லைஃப் ஜாக்கெட் பெரியவர்கள் அளவில் கிடைக்கும். சின்னவளுக்குப் பொருந்துமா என்பது சந்தேகம். பெரிய ஜாக்கெட் போட்ட குழந்தை தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் மேலே வந்துவிடும், குழந்தை அதிலிருந்து வழுக்கிக் கீழே போய்விடும். அதனால் சிங்கப்பூரிலிருந்தே குழந்தைகள் அளவில், தொடைக்கு இடையில் வார் போட்டு மாட்டுகிற மாதிரி இரண்டு வாங்கி வா. வயதைப் பார்த்து வாங்காதே, உள்ளே எழுதியிருக்கும் எடையைப் பார்த்து வாங்கு. காலுக்கு, பின்னால் பட்டை உள்ள சாண்டல். ரப்பர் செருப்பு சேற்றில் முதல் அடியிலேயே கழன்றுவிடும், வெறுங்காலோடு நடந்தால் சிப்பி ஓடு கிழித்துவிடும். படகில் கழிப்பறை கிடையாது. ஏறுவதற்கு முன்பே பிள்ளைகளை அதற்குத் தயார் செய்துவிடு.

படகு ஆற்று வழியே போகும்போது இரண்டு பக்கமும் பச்சைச் சுவர் மாதிரி நிற்பவை பெரும்பாலும் வெண்கண்டல் மரங்கள். இலையின் அடிப்பக்கம் வெள்ளி பூசினாற்போல் இருக்கும். இரண்டு நாள் மழையில்லாமல் வெயிலடித்திருந்தால் இலைமேல் விரலைத் தடவி நாக்கில் வைக்கச் சொல், கரிக்கும். வேர் வழியாக ஏறுகிற உப்பை இலை வெளியே தள்ளுகிறது. மழை பெய்த மறுநாள் போனால் உப்பு கழுவப்பட்டிருக்கும், பிள்ளைகளுக்கு ஏமாற்றமாகிவிடும். மரத்தடியில் சேற்றிலிருந்து பென்சில் நட்டாற்போல் ஆயிரக்கணக்கில் நிற்பவை மூச்சு வேர்கள். அந்தச் சேற்றுக்குள் காற்று கிடையாது, அதனால் வேர் மேலே வந்து மூச்சு வாங்குகிறது. அதை மிதிக்கவோ ஒடிக்கவோ கூடாது.

அங்கேயே தில்லை மரமும் உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்தது இந்த மரத்தால்தான். பழுத்த இலைகள் உதிருமுன் செம்மஞ்சளாக மாறும், பார்க்க அழகாக இருக்கும், பெரியவன் பறிக்கக் கை நீட்டுவான். விடாதே. ஒடித்தால் பால் வரும். அது தோலில் பட்டால் கொப்பளிக்கும், கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கலாம். தவறிக் கண்ணில் பட்டுவிட்டால் கையால் தேய்க்காமல், நல்ல தண்ணீரை 15 நிமிடமாவது விடாமல் ஊற்றிக் கழுவி, நேரே கண் மருத்துவரிடம் போக வேண்டும். இதற்காகவே குடிக்கிற தண்ணீர் போக இரண்டு லிட்டர் தனியாகப் படகில் இருக்கட்டும்.

ஓரிடத்தில் பெரிய வாய்க்கால் ஒன்றிலிருந்து இரு பக்கமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள் பிரிவதைக் காட்டச் சொல். மீன் முள் மாதிரியே இருக்கும். முன்காலத்தில் மரங்களை மொத்தமாக வெட்டியதால் வெயில் நேராக விழுந்து தரை அமுங்கிப் பள்ளமானது. பள்ளத்தில் நின்ற கடல்தண்ணீர் ஆவியாகி உப்பு ஏறிக்கொண்டே போனது, அங்கே ஒரு செடியும் பிழைக்கவில்லை. கடல் ஏறும்போது தண்ணீர் உள்ளே வந்து, வற்றும்போது வெளியே போக வழி செய்தால் உப்பு குறையும் என்று கண்டு, இந்த வாய்க்கால்களை வெட்டி ஓரங்களில் கன்று ஊன்றினார்கள். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் இந்தக் காட்டைச் சீரழித்துவிட்டுப் போனது. வெள்ளைவெளேரென்று நிற்கும் பட்ட மரம் எதையாவது பார்த்தால் அதற்குப் பெரும்பாலும் அந்த இரவுதான் காரணம். இன்னொன்றும் பிள்ளைகளிடம் சொல். கோரையாறும் பாமணியாறும் இந்த லகூனுக்குக் கொண்டுவருவது நம் வயல்களில் பாய்ந்து வடிந்த தண்ணீர்தான். மேட்டூரிலிருந்து கிளம்பின காவிரி ஒரு வழியாக வந்து முடிகிற இடம் இது. பூம்புகார் போனால் காவிரி சேருமிடம் வாய்க்கால் அளவுக்குத்தான் தெரியும். ஆறு எப்படிக் கடலாகிறது என்பதை இங்கேதான் பொறுமையாகப் பார்க்கலாம்.

கரைக்கு வந்ததும் சாப்பாட்டுக்கு மடவை மீன் கிடைக்கிறதா கேள். லகூன் மடவைக்குத் தனி ருசி. வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தால் அம்மா குழம்பு வைத்துவிடுவாள்.

கோடியக்கரைக்கு அடுத்த நாளே போகாமல் ஒரு நாள் விட்டுப் போ, பிள்ளைகள் தூங்கி எழட்டும். அன்றைக்கு விடிகாலை 4.45-க்குக் கிளம்ப வேண்டும். டிசம்பர் கடைசியில் ஆறரைக்குள் சூரியன் எழுந்துவிடும், அந்த நேரத்தில் காட்டு வாசலில் நிற்க வேண்டும். 1967-ல் சரணாலயம் ஆக்கப்பட்ட காடு, முதன்மையாக வெளிமான்களுக்காக. திறந்த புல்வெளியில்தான் மேயும். தன் கண்ணையும் கால் வேகத்தையும் நம்பிப் பிழைக்கிற பிராணி அது, மறைவிடம் தேடாது. வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கதவைத் திறக்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தால் பத்து நிமிடத்தில் மறுபடி மேயத் தொடங்கும். யாராவது ஒருவர் கீழே இறங்கினால் போதும், கூட்டமே கிளம்பிவிடும். கறுப்பும் வெள்ளையுமாக, முறுக்குக் கொம்போடு இருப்பது கிடா. கொம்பில்லாமல் பழுப்பாக இருப்பது பெட்டை. குதிரைகளும் திரியும். ஒரு காலத்தில் ஆட்கள் விட்டுப்போன குதிரைகளின் வம்சம், பழக்கியவை அல்ல. பின்பக்கமாகக் கிட்டப் போகக் கூடாது. குரங்குகள் கையில் பையைப் பார்த்தால் பிடுங்கும், தின்பண்டத்தை டிக்கியிலேயே பூட்டி வை.

பறவைகளுக்குத்தான் பொறுமை வேண்டும். பூநாரைகள் (ஃபிளமிங்கோ) இருக்கிற இடம் நாளுக்கு நாள் மாறும். பம்ப் ஹவுஸ், இரட்டைத்தீவு, கோவைத்தீவு என்று அங்கே சில இடங்களைச் சொல்வார்கள். அன்றைக்கு எங்கே இறங்கியிருக்கின்றன என்று வனத்துறை ஆட்களையே கேட்டு, அவர்கள் அனுமதிக்கிற வழியில் மட்டும் போங்கள். கனமழை பெய்தால் சதுப்பு நிலத்தில் தண்ணீர் ஆழமாகி உப்பும் குறைந்துவிடும். பூநாரையின் இரை உப்புத் தண்ணீரில் வளர்வது, அதுவும் கால் ஊன்றி நிற்க முடிந்த ஆழத்தில் இருக்க வேண்டும். அதனால் பெருமழை விட்ட மறுநாளே போனால் வெறும் தண்ணீரைத்தான் பார்ப்பாய். சில நாள் பொறுத்துப் போ.

பைனாகுலர் 8x42 என்று போட்டது வாங்கு. 10 மடங்கு பெரிதாக்குவது பிள்ளைகள் கையில் ஆடும், எதையும் நிலையாகப் பார்க்க முடியாது. வெறும் கண்ணுக்குப் பூநாரைக் கூட்டம் தொலைவில் ஒரு வெள்ளைக் கோடு மாதிரித்தான் இருக்கும். படத்தில் பார்த்த ரோஜா நிறம் எங்கே என்று சின்னவள் கேட்பாள். அந்த நிறம் தின்கிற இரையிலிருந்து வருகிறது, குஞ்சுப் பருவம் தாண்டாதவை சாம்பல் வெள்ளையாகவே இருக்கும். காத்திருங்கள். கூட்டம் எழும்பிச் சிறகை விரிக்கும்போது உள்ளே இருக்கிற சிவப்பும் ஓரத்துக் கறுப்பும் ஒரே நேரத்தில் தெரியும். மேய்வதையும் கவனிக்கச் சொல்: தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து, நாக்கால் தண்ணீரை இழுத்துத் தள்ளி வடிகட்டித் தின்னும். சேற்றோரம் எலி ஓடுவது மாதிரி ஓடுகிற சின்னஞ்சிறு பறவைகள் கொசு உள்ளான்கள். அவை வடதுருவப் பக்கத்திலிருந்து வந்தவை. அத்தனை பெரிய பூநாரையைவிட எனக்கு அந்த உள்ளான்தான் பெரிய அதிசயம்.

கோடியக்கரையில் கடற்கரை அப்படியே மேற்கே மடங்கித் திரும்புகிறது. கிழக்கே வங்கக் கடல், அலை அடித்துக்கொண்டிருக்கும். தெற்கே பாக் நீரிணை, குளம் மாதிரிக் கிடக்கும். சிங்கப்பூரின் செந்தோசாவில் அலையடக்கிய கடலில் ஆடிப் பழகிய பிள்ளைகள் அவர்கள். எந்தப் பக்கத்திலும் அவர்களை இறக்காதே. கிழக்கே இந்த மாதம் இழுப்பு அதிகம், முழங்கால் தண்ணீரிலேயே காலடி மணல் கரையும். தெற்கே அலை இல்லை, ஆனால் சேறு காலைக் கவ்வும். சேற்றில் சிக்கினால் கால்விரலால் உந்தக் கூடாது. குதிகாலை முதலில் அசைத்துக் காற்றுப் போக விட்டு மெதுவாக உருவ வேண்டும். மாப்பிள்ளைக்கும் சொல்லி வை, அவருக்கு நீச்சல் தெரியும் என்பதால் இன்னும் அழுத்திச் சொல்.

திரும்பும் வழியில் அகஸ்தியம்பள்ளியில் உப்புச் சத்தியாகிரக நினைவுத் தூண். 1930 ஏப்ரல் 13-ல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து கிளம்பியவர்கள் 30-ஆம் தேதி இங்கே உப்பு அள்ளினார்கள். வெள்ளை உப்புக் குவியலைப் பார்க்க ஆசைப்பட்டால் டிசம்பரில் கிடையாது. மழை முடிந்து பாத்தி மிதித்துச் சீராக்கிய பிறகுதான் உப்பு விளையும். வேதாரண்யம் கோயிலில் சரஸ்வதி கையில் வீணை இருக்காது. அம்பாளின் பேரே யாழைப் பழித்த மொழியாள், அந்தக் குரலுக்கு முன் வீணை எதற்கு என்று வைத்துவிட்டாளாம். பெரியவனுக்கு இது பிடிக்கும். கோயில் மதியம் சாத்திவிடும், 11 மணிக்குள் உள்ளே போய்விடு.

மற்ற ஊர்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். தரங்கம்பாடிக்குத் தனியாக ஒரு நாள் மாலை போதும். 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, 1718-ல் சீகன்பால்கு கட்டிய தேவாலயம், கடல் பாதி தின்றுவிட்ட மாசிலாமணிநாதர் கோயில், எல்லாம் நடக்கிற தூரத்திலேயே இருக்கின்றன. வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை தெருவில் வண்டி நகராது, அதை ஜனவரி 2-க்குப் பிறகு வைத்துக்கொள்.

டிசம்பர் 26 அன்று மட்டும் கடற்கரைக்கு எந்தத் திட்டமும் போடாதே. 2004-ல் அன்றைக்கு நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்களைக் கடல் கொண்டுபோனது. மீனவர்கள் அன்று தொழிலுக்குப் போவதில்லை. கரை முழுக்கப் பூவும் பாலும் ஊற்றி அழுகிறவர்கள் இருப்பார்கள். அங்கே போவதாக இருந்தால் அவர்களோடு நின்று கும்பிட்டுவிட்டு வரலாம்.

வானிலை கொஞ்சம் கவலைதான். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்று செய்தி வந்தாலோ, நாகைத் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினாலோ படகு விடமாட்டார்கள். அதனால் நீங்கள் வந்த மறுநாளே முத்துப்பேட்டைக்கு வைக்காமல், நடுவில் ஒரு தேதியும் கடைசியில் ஒரு தேதியுமாக இரண்டை ஒதுக்கி வை. எந்தத் தேதிகள் என்று இந்த வாரத்துக்குள் எழுது. அன்றைய தண்ணீர் நேரத்தைக் கேட்டுப் படகுக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

அப்பா