டாரட் படத்துக்குக் கீழ வரைஞ்சவங்க பேரையும் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க ஞாயிறு இணைப்புல ராசிபலனுக்குப் பக்கத்துல இப்ப டாரட் பலனும் வருது, அதாவது படம் போட்ட சீட்ட வச்சு சொல்ற பலன், ஒவ்வொரு ராசிக்கும் ஒரு கார்டு படத்தோட. பலன் சரியா தப்பான்னு பேச நான் இத எழுதல. அந்தப் படங்களைப் பத்தித்தான் சொல்லணும். எனக்குன்னு சொந்தமா ஒரு டாரட் டெக், அதாவது முழு சீட்டுக்கட்டு, வரைஞ்சுக்கிட்டு இருக்கேன், வரைய உக்காந்தா ஒவ்வொரு கார்டுக்குள்ளயும் எவ்ளோ யோசனை போயிருக்குன்னு கண்ணுக்கு நேரா தெரியுது, அத யோசிச்சவங்க பேரு உங்க பக்கத்துல எங்கயுமே இல்ல.

நீங்க போடுற படம் எல்லாம் 1909ல லண்டன்ல வந்த டெக்ல இருந்து எடுத்தது. ரைடர் கம்பெனி வெளியிட்டாங்க, ஏ.இ.வெயிட்ங்கிறவர் திட்டம் போட்டார், அதனால ரைடர்-வெயிட்னு பேரு நின்னுபோச்சு. 78 கார்டையும் வரைஞ்சது பமீலா கோல்மன் ஸ்மித். கார்டோட கீழ் மூலையில பாம்பா வளைஞ்சு ஒரு சின்ன கையெழுத்து இருக்கும் பாருங்க, அது அவங்களோடது. லண்டன்ல பிறந்து, சின்ன வயசுல ஜமைக்காவுல கொஞ்ச காலம் இருந்து, நியூயார்க் புரூக்ளின்ல ஓவியம் படிச்சு, நாடக மேடைக்கெல்லாம் வேலை பாத்தவங்க. இந்த டெக் வேலை முடிஞ்சதும் ஒரு நண்பருக்கு எழுதின லெட்டர்ல பெரிய வேலை, ரொம்ப கம்மி பணம்னு சொல்லியிருக்காங்க. 1951ல கார்ன்வால்ல கடனோட தான் இறந்தாங்க.

அவங்க செஞ்சது என்னன்னு புரியணும்னா டாரட் எங்க இருந்து வந்துச்சுன்னு கொஞ்சம் சொல்லணும். எகிப்து ரகசியம்னு நிறைய பேர் எழுதுறாங்க, உங்க பக்கத்துலயும் ஒருதடவ வந்துச்சு. அத 1781ல பிரான்ஸ்ல கூர் தெ ஜெபெலான்ங்கிறவர் எழுதி பரப்பினார், அப்ப எகிப்து எழுத்த வாசிக்கவே யாருக்கும் தெரியாது, 1822ல தான் ஷாம்போலியோன் அதுக்கு வழி கண்டுபிடிச்சார். உண்மையில இது 1440கள் வாக்குல வட இத்தாலியில இருந்த சீட்டாட்டம். இன்னைக்கு மேஜர் அர்க்கானான்னு சொல்ற 22 கார்டுல ஃபூல்ங்கிற கோமாளி கார்டத் தவிர மீதி 21ம் அந்த ஆட்டத்தோட துருப்பு, அதாவது மத்த சீட்ட வெட்டுற சீட்டு. மீதி 56 கார்டு கோப்பை, வாள், நாணயம், கோல்னு நாலு சூட், அதாவது நாலு இனம். இந்த நாலும் எகிப்த ஆண்ட மம்லூக் சுல்தான்கள் காலத்து சாதாரண விளையாட்டுச் சீட்டுல இருந்து வந்தது, அதுல கோலுக்குப் பதிலா போலோ மட்டை இருக்கும், ஐரோப்பாவுல அப்ப போலோ தெரியாததால அது வெறும் தடி ஆயிடுச்சு.

அந்த 56லயும் ராஜா ராணி மாதிரி கார்டத் தவிர மீதிக்கெல்லாம் பெரும்பாலான பழைய டெக்குல வெறும் எண்ணிக்கை தான். அஞ்சு கோப்பைன்னா அஞ்சு கோப்பை வரைஞ்சிருக்கும், அவ்ளோதான். ஸ்மித் அதுல ஒவ்வொண்ணுக்கும் ஒரு காட்சி வச்சாங்க. அவங்க அஞ்சு கோப்பைய எடுத்துக்கங்க, கறுப்பு அங்கி போத்திக்கிட்டு ஒருத்தர் தலை குனிஞ்சு நிக்கிறார், முன்னாடி மூணு கோப்பை கொட்டிக் கிடக்கு, முதுகுக்குப் பின்னாடி ரெண்டு கோப்பை கவுறாம நிக்குது, தூரத்துல ஆத்துப் பாலம், அக்கரையில ஒரு வீடு. போனத நினைச்சே நிக்காதீங்க, இருக்குறதத் திரும்பிப் பாருங்கன்னு பலன் சொல்றாங்களே, அது அந்தப் பின்னாடி ரெண்டு கோப்பையில தான் இருக்கு. பெரிய 22க்கு வெயிட் விவரமா வழி சொன்னார், சின்ன கார்டெல்லாம் பெருமளவு ஸ்மித்தோட யோசனைன்னு தான் டாரட் வரலாறு எழுதுறவங்க பல பேர் சொல்றாங்க.

அவங்களும் ஒண்ணுமில்லாம ஆரம்பிக்கல. சோலா புஸ்கான்னு 15ஆம் நூற்றாண்டு கடைசி இத்தாலிய டெக் ஒண்ணு, அதோட போட்டோக்கள் 1907ல பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்துச்சு. இதயத்துல மூணு வாள் குத்தின படம் அதுல ஏற்கனவே இருக்கு. பத்து வாள் கார்டுல ஒரு ஆள் வாள் கட்ட சுமந்து குனிஞ்சு நிக்கிறான், ஸ்மித் அதே ஆள கோல் சூட்டுக்கு மாத்திட்டாங்க, பத்து கோல் சுமக்க முடியாம சுமந்து போறவனா. வாள் சண்டைக்கும் வருத்தத்துக்கும், சுமை உழைப்புக்குன்னு பிரிச்சிருக்காங்கன்னு நான் நினைக்கிறேன். இப்படி ஒரு படத்த எந்த சூட்ல வைக்கிறதுங்கிறதே ஒரு வியாக்கியானம்.

சொந்த டெக் வரையிற நிறைய பேர் டெத், அதாவது மரணம் கார்டுன்னதும் எமனையும் எருமையையும் போட்டுர்றாங்க. நானும் அதப்பத்தி ரொம்ப யோசிச்சேன், எனக்கு அது ஒத்துவரல. ஸ்மித் வரைஞ்ச டெத்ல குதிரை மேல எலும்புக்கூடு வருது, ராஜா செத்து விழுந்து கிடக்கார், பிஷப் கை கூப்பி நிக்கிறார், ஒரு பொண்ணு முகத்தத் திருப்பிக்கிறா, ஒரு குழந்தை மட்டும் நிமிந்து பாக்குது, குதிரை யாருக்காகவும் நிக்கல. நம்ம எமன் கிட்ட பேச முடியும், சாவித்திரி வாதாடி ஜெயிச்சா, நசிகேதன் கேள்வி கேட்டு வரம் வாங்கினான். கணக்கு பாத்து தீர்ப்பு சொல்றவர் எமன், கூட சித்திரகுப்தன் வேற. அதனால 20ஆம் கார்டு ஜட்ஜ்மென்ட்டுக்கு (தீர்ப்பு) தான் அவர் பக்கத்துல வர்றார். அதுலயும் முழுசா பொருந்தல, அந்தக் கார்டுல தேவதூதர் எக்காளம் ஊத, செத்தவங்க சவப்பெட்டியில இருந்து எந்திரிக்கிறாங்க, அது கிறிஸ்தவ நம்பிக்கை. அந்தக் கார்டு இன்னும் என் டேபிள்ல காலியா தான் இருக்கு. டெத்துக்கு நான் மார்சேய்ங்கிற பழைய பிரெஞ்சு டெக்குக்குப் போனேன், அதுல 13ஆம் கார்டுக்கு பெரும்பாலும் பேரே இருக்காது, எலும்புக்கூடு அரிவாள் வச்சு நிலத்த அறுத்துக்கிட்டு இருக்கும். அதுல இருந்து அறுவடை முடிஞ்ச வயல், நட்டுக்கிட்டு நிக்கிற தாள், வரப்புல வச்ச கருக்கரிவாள், ஆள் யாரும் இல்லாம வரைஞ்சிருக்கேன்.

ஹேங்டு மேன், அதாவது தொங்குற மனுஷன் கார்டு, இன்னும் சுவாரஸ்யம். அந்தக் கால இத்தாலியில துரோகிகள ஒத்தக் கால்ல தலைகீழா தொங்குற மாதிரி பொதுச் சுவர்ல வரைஞ்சு அவமானப்படுத்துவாங்க, அந்தக் கார்டுக்கு அங்க துரோகின்னே ஒரு பேரு இருந்துச்சு. ஸ்மித் டெக்ல அதே ஆள், அதே தலைகீழ், ஆனா முகம் சாந்தம், தலையச் சுத்தி ஒளி, கட்டின மரத்துல பச்சை இலை. தண்டனை தவமா மாறிடுச்சு. எனக்கு மகாபாரதத்து வாலகில்யர்கள் ஞாபகம் வந்தாங்க, கட்டைவிரல் அளவு முனிவர்கள், மரக்கிளையில தலைகீழா தொங்கி தவம் பண்றவங்க, கருடன் உக்காந்து கிளை முறிஞ்சதும் அவங்க விழுந்துறக் கூடாதுன்னு கிளைய அலகுலயே தூக்கிக்கிட்டு பறந்தான். அததான் வரைஞ்சேன், கிளைய அலகுல பிடிச்ச கருடனோட.

கோல் சூட்டுக்கு முருங்கைப் போத்து. ஸ்மித் கோல் எல்லாத்துலயும் தளிர் விட்டிருக்கும், வெட்டி நட்டு வச்சாலும் துளிர்க்கிற கம்பு நமக்கு முருங்கை தானே.

இவ்ளோ சொல்றது எதுக்குன்னா, நான் மாத்துறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் அவங்க ஏன் இத இப்படி வச்சாங்கன்னு கேக்க வேண்டியிருக்கு, பதில் பெரும்பாலும் படத்துலயே கிடைக்குது. உங்க பக்கத்துல படத்த சதுரமா வெட்டிப் போடுறீங்க, போன மாசம் வந்த அஞ்சு கோப்பையில பின்னாடி ரெண்டு கோப்பையும் காணோம், பலன்ல மட்டும் மிச்சம் இருக்குறதப் பாருங்கன்னு எழுதியிருந்துச்சு. படிக்கிறவங்க எங்க பாப்பாங்க?

நம்ம நாட்டு சட்டப்படி ஓவியர் இறந்து 60 வருஷத்துல காப்புரிமை முடியுது, அதனால அந்தப் படங்களுக்கு யாரும் உங்க கிட்ட பணம் கேக்க முடியாது. பேரு போடச் சொல்லி வாசகியா நான் கேக்குறேன். கார்ட முழுசா போடுங்க, கீழ சின்ன எழுத்துல ‘ஓவியம்: பமீலா கோல்மன் ஸ்மித், 1909’னு ஒரு வரி சேருங்க. அடுத்த ஞாயிறுல இருந்தே செய்யலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி