ஒரு பருவம் வெளிநாட்டில் படிக்க வழி செய்யுங்கள்: காவிரிப் படுகைப் பல்கலைக்கழகங்களுக்கு ஒரு திறந்த மடல்

காவிரிப் படுகையிலும் அதை ஒட்டியும் அமைந்துள்ள பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர்களுக்கும், ஆட்சிக்குழு, கல்விக்குழு உறுப்பினர்களுக்கும்,

பெருமதிப்பிற்குரியீர், வணக்கம்.

நம் மாணவர்கள் பட்டப்படிப்பின் இடையில் ஒரு பருவத்தையாவது வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் படிக்கவும், அங்கே பெற்ற மதிப்பெண்கள் இங்குள்ள பட்டத்தில் தடையின்றிச் சேரவும் நீங்கள் வழி செய்ய வேண்டும் என்று கேட்டு இந்த மடலை எழுதுகிறேன். மன்னார்குடிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நெடுங்காலமாகத் தாவரவியல் கற்பித்து வருகிறேன். என்னிடம் படிக்க வருபவர்களில் பெரும்பாலோர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். குறுவை பொய்த்தால் கல்லூரிக் கட்டணம் தள்ளிப்போகும் வீடுகளின் பிள்ளைகள். வெளிநாட்டுப் படிப்பு வசதி படைத்தவர்களின் காரியம் என்று அவர்களும் நினைக்கிறார்கள், அவர்களுக்காக முடிவெடுக்கும் நாமும் நினைக்கிறோம்.

வெளிநாடு நம் பகுதிக்குப் புதிதன்று. சிங்கப்பூருக்கோ மலேசியாவுக்கோ வளைகுடாவுக்கோ ஒருவரைக்கூட அனுப்பாத தெருவை நம் மாவட்டங்களில் காண்பது அரிது. அவர்கள் அனுப்பிய பணத்தில் அடகு நிலங்கள் மீண்டன, தங்கைகளின் திருமணங்கள் நடந்தன. அந்த உழைப்பின் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆயினும் கட்டுமானத் தளத்துக்கும் தொழிலாளர் விடுதிக்கும் இடையே பல ஆண்டுகளைக் கழித்துவிட்டு ஊர் திரும்பும் இளைஞர், தாம் வாழ்ந்த நகரத்தின் பல்கலைக்கழக நூலகத்துக்குள் ஒருநாளும் நுழைந்திருக்க மாட்டார். இன்னொரு புறம், நிலத்தையும் நகையையும் வைத்துக் கடன் வாங்கி, முகவர் சொல்லும் கல்லூரிக்கு முழுப் பட்டப்படிப்புக்காகப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, அது என்ன கல்லூரி என்பதைப் பிறகு விசாரிக்கும் பெற்றோரையும் பார்க்கிறேன். இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. இரு பல்கலைக்கழகங்கள் ஒப்பந்தம் செய்துகொள்ள, மாணவர் தம் சொந்தக் கல்லூரியின் கட்டணத்தை மட்டும் கட்டிவிட்டு, அங்கே கட்டணமின்றிச் சில மாதங்கள் படித்துத் திரும்பும் பரிமாற்ற முறை அது. ஐரோப்பிய நாடுகள் எராஸ்மஸ் என்ற பெயரில் 1987 முதல் இதைத் தமக்குள் நடத்தி வருகின்றன. 2015 முதல் இந்தியா உள்ளிட்ட பிற நாடுகளின் பல்கலைக்கழகங்களோடும் உதவித்தொகையுடன் மாணவர்களைப் பரிமாறிக்கொள்ள அதில் இடம் உண்டு.

அப்படிச் சென்று திரும்பிய என் மாணவர்கள் சிலரோடு நெடுநேரம் பேசியிருக்கிறேன். அவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது வகுப்பறையைப் பற்றித்தான். எந்த வாரம் என்ன பாடம், எதைப் படித்துவிட்டு வகுப்புக்கு வர வேண்டும், எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்பதைப் பருவம் தொடங்கும்போதே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். மாணவர் படித்து வந்ததிலிருந்துதான் ஆசிரியர் பேச்சைத் தொடங்குகிறார். ஐந்து மதிப்பெண் வினா, பத்து மதிப்பெண் வினா என்று பிரித்து நோட்ஸை மனப்பாடம் செய்து பழகிய ஒரு மாணவியிடம், நீங்களே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, தரவு திரட்டி, கட்டுரை எழுதி வாருங்கள் என்று சொன்னபோது அவர் திகைத்துப் போனாராம். பதினைந்து ஆண்டுப் படிப்பில் அவரிடம் எல்லோரும் விடையைத்தான் கேட்டிருந்தார்கள். உனக்கு என்ன கேள்வி இருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. திரும்பி வந்த பின் முதுகலை ஆய்வேட்டுக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள், தம் ஊர் வடிகாலை அடைத்துக்கொண்டு கிடக்கும் ஆகாயத்தாமரை. அந்த வாய்க்காலைத் தாண்டித்தான் அவர் பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்திருக்கிறார்.

ஆங்கிலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்வழியில் பயின்ற நம் பிள்ளைகளின் நாவைக் கட்டிப்போடுவதில், பிழையாகப் பேசினால் சிரிப்பார்கள் என்ற அச்சத்துக்குத்தான் பெரும்பங்கு. வியட்நாமியரும் கொரியரும் இத்தாலியரும் பிழை மலிந்த ஆங்கிலத்தில் தம் துறையைப் பற்றித் தயங்காமல் வாதிடும் அறையில் ஒரு மாதம் அமர்ந்தால் அந்த அச்சம் போய்விடுகிறது. எத்தனை பயிற்சி வகுப்புகள் வைத்தும் நம்மால் செய்ய முடியாத காரியம் இது.

பெண் பிள்ளைகள் பெறுவது இன்னும் பெரிது. மாலை ஆறு மணிக்கு விடுதிக் கதவைச் சாத்திவிடும் நம் ஒழுங்குக்குப் பழகிய ஒரு பெண், இரவு பத்து மணிக்கு ஆய்வகத்திலிருந்து தனியாகப் பேருந்து ஏறி அறைக்குத் திரும்புகிறாள். வாடகை, மளிகை, மருத்துவக் காப்பீடு எல்லாவற்றையும் தானே கணக்குப் பார்க்கிறாள். சாப்பிட்ட தட்டைக் கழுவியறியாத பையன்களும் அங்கே சமைத்துப் பாத்திரம் துலக்குகிறார்கள் என்பதை அவர்களின் தாய்மார்கள் வியப்போடு என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். ஊரைக் கேட்டு, தெருவைக் கேட்டு, அதன் வழியே வேறொன்றைத் தெரிந்துகொள்ளும் விசாரணை இல்லாத பொதுச் சமையலறையில் நான்கு நாட்டு மாணவர்களோடு சேர்ந்து உண்பதும் ஒரு கல்விதான். கடல் கடந்தால் சாதி தானாக மறைந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாமலும் ஒரு நாள் கழியும் என்பதைப் பத்தொன்பது வயதில் உடலால் அறிந்துவிட்ட பிள்ளை, ஊர் திரும்பிய பின் சில பேச்சுகளுக்குத் தலையாட்ட மறுக்கிறது.

நம் பகுதிக்கென்றே உரிய ஒரு பயன் இருக்கிறது. காவிரியின் கடைமடையில் பிறந்தவருக்கு, நிலம் உவர்ப்பதும், மழை பெய்தால் வடியாமல் நிற்பதும், கடல் உள்ளே ஏறுவதும் தலையெழுத்தாகவே தெரிகின்றன. தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கத்திலிருந்து வரும் மாணவர்களிடம் இதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் வீழ்த்திய தென்னைகளைப் பற்றி அவர்களால் மணிக்கணக்கில் பேச முடியும். இதற்கு என்ன செய்யலாம் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். அந்த மாணவரை வியட்நாமின் மீகாங் படுகையில், அதன் நடுவே 1966இல் தொடங்கப்பட்ட கான் தோ பல்கலைக்கழகத்துக்கு ஒரு பருவம் அனுப்பிப் பாருங்கள். அங்கேயும் கோடையில் கடல்நீர் ஆற்றில் ஏறுகிறது. 2016இல் அது பெருந்துன்பமாகவே வந்தது. உப்புநீர் நிற்கும் மாதங்களில் இறாலும் மழைக்காலத்தில் நெல்லுமாக ஒரே வயலில் மாற்றி மாற்றிச் செய்யும் உழவர்களை அவர் அங்கே காண்பார். நம் கடற்கரையில் இறால் பண்ணைக்கும் நெல்வயலுக்கும் இடையே உள்ள நெடுநாள் பகையை அறிந்தவர் என்பதால், அங்குள்ள மாணவருக்குத் தோன்றாத ஐயங்களும் அவருக்குத் தோன்றும். அதுபோலவே நெதர்லாந்து. 1953 பிப்ரவரியில் கடல் கரையை உடைத்து 1,800 பேருக்கு மேல் மாண்ட பிறகு அந்நாடு எழுப்பிய தடுப்பணைகளைப் படத்தில் பார்த்துவிடலாம். நீர் மேலாண்மைக்கென்றே மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் நீர் வாரியங்கள் அங்கே 13ஆம் நூற்றாண்டில் வேர்கொண்டு இன்றுவரை இயங்குவதை, அத்தகைய வாரியத்தின் கூட்டத்தில் அமர்ந்து பார்த்தால்தான் விளங்கும். ஏரி, வாய்க்கால்களை ஊரார் கூடித் தாமே பராமரிக்கும் குடிமராமத்து வழக்கில் இருந்த மண்ணின் பிள்ளைக்கு அங்கே எழும் கேள்விகள், ஊர் திரும்பிய பின் நம் நீர்வளத் துறை அலுவலகங்களிலும் எழ வேண்டியவை.

அறிவியல் மாணவர்களை மட்டும் நினைத்து இதைக் கேட்கவில்லை. நாகப்பட்டினத்தில் இருந்த பௌத்த மடமான சூடாமணி விகாரத்துக்குச் சோழர் கொடுத்த கொடையைச் சொல்லும் ஆனைமங்கலச் செப்பேடுகளைப் பாதுகாத்து வந்தது நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகம். தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டேனியர் கையில் இருந்தது. அந்த ஆட்சியின் ஆவணங்கள் கோபன்ஹேகனில் இருக்கின்றன. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய சமயப் பணியாளர் சீகன்பால்குவும் அவருக்குப் பின் வந்தோரும் அனுப்பிய கடிதங்களும் ஓலைச்சுவடிகளும் ஜெர்மனியின் ஹாலே நகரில் உள்ளன. மயிலாடுதுறைப் பக்கத்து வரலாற்று மாணவர் ஒருவருக்குத் தம் ஊரின் பழைய சான்றுகளைத் தொட்டுப் படிக்க ஒரு பருவம் கிடைத்தால் என்ன எழுதுவார் என்று எண்ணிப் பார்க்கிறேன். ஓலையில் உள்ள தமிழைப் படிக்கப் பழகியவர்கள் அந்த நகரங்களில் மிகச் சிலரே இருப்பார்கள். நம்மிடம் அதைக் கற்பிக்கத் தமிழ்ப் பல்கலைக்கழகமே இருக்கிறது.

இதற்கு நம் பகுதியில் முன்மாதிரி இல்லாமல் இல்லை. கும்பகோணத்தில் 1925இல் பிறந்த வேளாண் அறிவியலாளர் எம்.எஸ். சுவாமிநாதன் 1949இல் நெதர்லாந்தின் வாகனிங்கனுக்குப் போய் உருளைக்கிழங்கின் மரபியலைக் கற்றார். கேம்பிரிட்ஜில் 1952இல் முனைவர் பட்டம் பெற்று, அமெரிக்காவில் ஆய்வு செய்து, 1954இல் திரும்பி, கட்டாக்கில் ஜப்பானிய நெல்லையும் நம் நெல்லையும் கலக்கும் பணியில் சேர்ந்தார். அத்தகைய கலப்பில் வந்ததுதான் 1960களில் தஞ்சை வயல்களை நிறைத்த ஆடுதுறை 27; அதன் ஒரு பெற்றோர் ஜப்பானின் நோரின் 10, மற்றொன்று நம் கிச்சிலிச் சம்பா எனப்படும் ஜி.இ.பி. 24.

கணிதமேதை இராமானுஜன் கதையை உங்களுக்கு நினைவூட்டுவதற்குத் தனிக் காரணம் உண்டு. கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்து, பட்டம் பெறாமலே சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்தவருக்கு, 1913இல் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது சென்னைப் பல்கலைக்கழகம். பட்டமில்லாதவருக்கு அத்தொகை கொடுக்க விதியில் இடமில்லை. ஆட்சிக்குழு கூடி வழி கண்டது. மறு ஆண்டு ஆண்டுக்கு 250 பவுண்டு கொடுத்து அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பியதும் அதே பல்கலைக்கழகம்தான். தனியே முடிவுகளைக் கண்டவருக்கு, நிறுவுதலைக் கேட்டு மறுத்துப் பேசும் துணை அங்கே கிடைத்தது. போர்க்காலத்துக் குளிரிலும் சரியான உணவின்றியும் அவர் உடல் நலிந்து, 1919இல் திரும்பி, அடுத்த ஆண்டே 32 வயதில் மறைந்தார் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அனுப்பும் பல்கலைக்கழகம் பயணச்சீட்டோடு நின்றுவிடாமல், தங்குமிடம், உணவு, மருத்துவம், மனத்தளர்ச்சி எல்லாவற்றையும் விசாரித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஐரோப்பிய ஆணையம் 2014இல் வெளியிட்ட ஆய்வு, வெளிநாட்டில் சில மாதங்கள் படித்தவர்களிடையே பட்டம் பெற்ற ஐந்தாண்டுக்குப் பின் வேலையின்மை விகிதம் மற்றவர்களைவிட 23 விழுக்காடு குறைவு என்கிறது. போகிறவர்கள் முன்பே முனைப்பும் வசதியும் உடையவர்களாக இருந்திருக்கலாம் என்பதால், அந்த எண்ணை மட்டும் நம்பி நான் வாதாடவில்லை. முனைப்பு இருந்தும் வசதி இல்லாதவர்களுக்குத்தான் இந்த வாய்ப்பைக் கேட்கிறேன். போனவர்கள் அங்கேயே தங்கிவிடுவார்கள் என்ற அச்சத்துக்கும் இதில் பெரிய இடமில்லை. பட்டம் இங்கே இருப்பதால் அதை வாங்க அவர்கள் திரும்பியே ஆக வேண்டும்.

தடை பெரும்பாலும் நம் அலுவலகங்களில்தான் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு மாணவி உதவித்தொகையோடு வெளிநாட்டில் ஒரு பருவம் படித்து நல்ல மதிப்பெண்களோடு திரும்பினார். அங்கே படித்த தாள்களின் பெயர் இங்குள்ள தாள்களின் பெயரோடு பொருந்தவில்லை என்று அவருடைய பல்கலைக்கழகம் அவற்றை ஏற்க மறுத்தது. அந்தப் பருவம் முழுவதையும் அரியராக எழுதி, உடன் படித்தவர்களுக்கு ஓராண்டு பின்னால் அவர் பட்டம் பெற்றார். அவருக்குப் பின் அத்துறையில் ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை. இத்தனைக்கும் சட்டம் இதற்கு எதிராக இல்லை. கிரெடிட் எனப்படும் மதிப்பலகுகளைச் சேர்த்து வைக்கும் வங்கியைப் பல்கலைக்கழக மானியக் குழு 2021இலேயே கொண்டுவந்துவிட்டது. 2022ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, தகுதி நிபந்தனைகளை நிறைவு செய்யும் நிறுவனங்கள் இணைந்து நடத்தும் ‘ட்வின்னிங்’ வகைப் படிப்பில் மதிப்பலகுகளில் 30 விழுக்காடு வரை வெளிநாட்டில் பெறலாம்.

ஆகவே நான் வேண்டுவது இது. மாணவர் புறப்படும் முன்பே, அங்கே படிக்கப்போகும் ஒவ்வொரு தாளும் இங்கே எதற்கு ஈடாகும் என்பதை எழுதி, மாணவரும் இரு பல்கலைக்கழகங்களும் கையொப்பமிடும் உடன்படிக்கையை எராஸ்மஸில் உள்ளதுபோல் கட்டாயமாக்குங்கள். திரும்பி வந்தபின் அதை மறுபடி விசாரிக்கும் அதிகாரம் எந்த அலுவலகத்துக்கும் இருக்கக் கூடாது. ஈட்டை முடிவு செய்யும்போது பாடத்திட்டக் குழு தாளின் தலைப்பை விட்டுவிட்டு உள்ளடக்கத்தைப் பார்க்கட்டும். தேர்வு முடிவுகளும் மதிப்பெண் சான்றுகளும் தாமதமாவதால் விசா நேர்காணலைத் தவறவிடும் பிள்ளைகளுக்குத் தேர்வாணையர் அலுவலகம் உரிய நேரத்தில் ஆங்கிலச் சான்று தர வேண்டும். வெளிநாட்டுத் தொடர்பு அலுவலகம் தலைமை வளாகத்து மாணவர்களோடு நின்றுவிடாமல் மன்னார்குடி, பூண்டி, வேதாரண்யம் வரை வந்து, பாஸ்போர்ட் எடுப்பதிலிருந்து உதவ வேண்டும். முதல் தலைமுறைப் பட்டதாரிகளின் விமானக் கட்டணத்துக்கு ஒரு நிதியை ஒதுக்குங்கள். பரிமாற்றம் இருவழியாக நடக்க வேண்டும் என்பதால், ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்துக்கும் தஞ்சைச் சரசுவதி மகாலுக்கும் அருகே தங்கிப் படிக்க வரும் அயல்நாட்டு மாணவர்களுக்கு நல்ல விடுதி ஒன்றையும் கட்டுங்கள்.

அடுத்த கல்விக்குழுக் கூட்டத்தின் பொருள்நிரலில் இந்த உடன்படிக்கையையும் தாள்களின் ஈட்டு விதியையும் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். வரும் கல்வியாண்டில் இரண்டாமாண்டு சேரும் மாணவர்கள் விண்ணப்பிக்க வேண்டுமானால், அவ்விதி பருவம் தொடங்கும் முன் கல்லூரிகளுக்கு வந்து சேர வேண்டும். வரைவு எழுதுவதற்குத் துறை ஆசிரியர்களின் உதவி தேவைப்பட்டால், நானும் என்னோடு பணிபுரிவோரும் அதைச் செய்து தர அணியமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தாவரவியல் ஆசிரியை ஒருவர்
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்