பழைய சைலண்ட் ஹில்லை ஏன் இன்னும் கேட்கிறார்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரீமேக்காக மீண்டும் வெளிவரும் பழைய வீடியோ கேம்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். தமிழில் இத்துறையைப் பொருட்படுத்தி எழுதுவோர் குறைவு என்பதால் முதலில் என் நன்றி. ஆனால், ‘சைலண்ட் ஹில் 2’ கேமின் ரீமேக் கைக்கு வந்த பிறகும் அதன் ரசிகர்கள் 2001ஆம் ஆண்டின் பழைய வடிவத்தையே கேட்டுக்கொண்டிருப்பது வெறும் இளமைக்கால ஏக்கம் என்று கட்டுரையாளர் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டார். அந்த வரியை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் பழைய கேம் இன்று ஒழுங்காக விளையாடக் கூடிய நிலையில் இருக்கிறதென்றால் அது பெரும்பாலும் இந்த ரசிகர்களின் உழைப்பால்தான் என்பதைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

தொடரை அறியாத வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1999இல் முதல் சைலண்ட் ஹில்லை பிளேஸ்டேஷன் என்ற கேம் கருவிக்காக வெளியிட்டது. கெய்ச்சிரோ டோயாமா இயக்கினார்; அகிரா யமவோகா இசையமைத்தார். காணாமற்போன மகளைத் தேடி, மூடுபனி சூழ்ந்த ஓர் அமெரிக்கச் சிற்றூருக்குள் அலையும் தந்தையின் கதை அது. தூரத்துத் தெருக்களையெல்லாம் ஒரே நேரத்தில் திரையில் வரைந்து காட்டும் திறன் அன்றைய பிளேஸ்டேஷனுக்கு இல்லை. அந்தக் குறையை மறைக்கப் போர்த்திய பனியே பிறகு அந்த ஊரின் அடையாளம் ஆகிவிட்டது. ஏதோ ஒன்று நெருங்கி வருகிறது என்பதைக் கண் அறிவதற்கு முன்பே கையில் இருக்கும் ரேடியோவின் இரைச்சல் சொல்லிவிடும். அச்சத்துக்கு நடுவே உயிர்பிழைக்கப் போராடும் ‘சர்வைவல் ஹாரர்’ வகையில் இதற்கு முன்னும் பின்னும் நல்ல கேம்கள் எத்தனையோ வந்திருக்கின்றன. காதால் இவ்வளவு பயமுறுத்தியது வேறொன்று உண்டா என்பது எனக்கு ஐயமே.

ரசிகர்கள் உயிராகக் கொண்டாடுவது 2001இல் பிளேஸ்டேஷன் 2இல் வந்த இரண்டாம் பாகத்தை. இறந்துபோன மனைவி மேரியிடமிருந்து ஒரு கடிதம் வர, ஜேம்ஸ் சண்டர்லேண்ட் என்பவர் அந்த ஊருக்கு வருகிறார். கார் நிறுத்துமிடத்தின் கழிப்பறைக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் இறங்கி நடக்கும் காட்டுப்பாதை மிக நீளமானது. வழியில் எந்த உருவமும் தாக்குவதில்லை, காலடி ஓசை மட்டுமே துணை. பிறகு ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் இருண்ட அறையில், பெண்ணின் உடை அணிவிக்கப்பட்ட ஒரு துணிக்கடைப் பொம்மையின் மீது டார்ச் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. அதை எடுக்கும் கணத்தில்தான் அறையின் மூலையில் அதுவரை அசையாமல் நின்றிருந்த ஓர் உருவம் நகரத் தொடங்குகிறது. அது மேரியின் உடை என்பதை உணர்பவருக்கு அந்த அறையின் அச்சம் இரட்டிப்பாகிறது.

இதைவிட வியப்பானது அந்த கேம் முடிவுகளைத் தீர்மானிக்கும் முறை. ‘இதுவா, அதுவா’ என்று திரையில் எங்கும் அது கேட்பதில்லை. காயம்பட்ட ஜேம்ஸுக்கு மருந்து கொடுக்காமல் நெடுநேரம் அலையவிட்டால், ஏஞ்சலா என்ற பெண் விட்டுச்சென்ற கத்தியை எடுத்து எடுத்துப் பார்த்தால், இவர் வாழ விரும்பவில்லை என்று கேம் எடுத்துக்கொள்கிறது. மனைவியின் புகைப்படத்தையும் கடிதத்தையும் பார்த்தபடியும் காயங்களை உடனுக்குடன் ஆற்றியபடியும் சென்றால் கதை வேறு திசையில் முடிகிறது. விளையாடுபவர் தன்னை அறியாமல் செய்பவற்றைக் கவனித்து வைத்துக்கொண்டு, கடைசியில் அவர் முன் வைக்கும் இந்த நுட்பத்தை முதன்முதலில் கண்டுகொண்டபோது எனக்கு ஏற்பட்ட திகைப்பு இன்னும் குறையவில்லை. முடிவுகள் என்னென்ன என்பதை, இனி விளையாடப் போகிறவர்களை எண்ணி இங்கே எழுதாமல் விடுகிறேன்.

இப்படிப்பட்ட ஒரு படைப்பை அதன் உரிமையாளர்கள் எப்படி வைத்திருந்தார்கள் என்பதைக் கட்டுரையாளர் கணக்கில் எடுக்கவில்லை. 2012இல் இரண்டாம், மூன்றாம் பாகங்களைச் சேர்த்து ‘எச்.டி. கலெக்‌ஷன்’ என்ற தொகுப்பு பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 ஆகியவற்றில் வந்தது. அதை உருவாக்கிய குழுவினருக்குக் கிடைத்த நிரல் கடைகளில் விற்பனையான இறுதி வடிவத்தினுடையது அன்று. அந்த இறுதி வடிவத்தின் நிரல் பாதுகாத்து வைக்கப்படவில்லை. அரைகுறை நிரலை வைத்துக்கொண்டு, மூலக் குழுவினர் பத்தாண்டுகளுக்கு முன்பே சரிசெய்துவிட்ட பிழைகளை இவர்கள் மறுபடி சரிசெய்ய வேண்டியிருந்தது. பனி கலைந்து போயிற்று. டொலூகா ஏரியில் ஜேம்ஸ் படகு வலிக்கும் காட்சியில் தண்ணீர் எங்கே முடிகிறது என்பதே வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. ஊர் எல்லையில் உள்ள பண்ணையின் பெயர்ப்பலகை ‘காமிக் சான்ஸ்’ என்ற விளையாட்டுத்தனமான எழுத்துருவில் மின்னியது. எக்ஸ்பாக்ஸ் வடிவத்துக்கான திருத்தப் பேட்ச் வராது என்று அறிவித்தும் விட்டார்கள். புதிதாக இத்தொடருக்குள் வந்த பலர் இந்தச் சிதைந்த வடிவத்தை விளையாடிவிட்டு, ‘இதற்கா இத்தனை புகழ்?’ என்று கேட்டதில் என்ன தவறு?

இந்த இடத்தில்தான் ரசிகர்கள் கைகொடுத்தார்கள். 2002இல் கணினிக்கு வந்த பழைய பதிப்பை எடுத்துக்கொண்டு, ‘என்ஹான்ஸ்டு எடிஷன்’ என்ற பெயரில் ஒரு தன்னார்வக் குழு அதைச் செப்பனிட்டது. அந்தக் கணினிப் பதிப்பும் பழுதில்லாதது அன்று. பிளேஸ்டேஷன் 2இல் இருந்த பனியின் அடர்த்தி, நிழல்கள், ஒலியின் தரம் ஆகியவற்றில் பல அதில் குறைந்திருந்தன. குழுவினர் இரு வடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, எது எங்கே மாறியிருக்கிறது என்று தேடித் தேடி மீட்டார்கள். இன்றைய அகலத் திரைகளுக்கும் ஏற்றபடி அமைத்தார்கள். இதற்கு அவர்கள் பணம் வாங்குவதில்லை. மூல கேமை அவர்கள் வழங்குவதும் இல்லை. அவரவரிடம் சொந்தப் பிரதி இருந்தாக வேண்டும். பனி எத்தனை அடி தொலைவில் தொடங்க வேண்டும் என்பதற்காக விவாதிக்கும் மனிதர்களை ஏக்கக்காரர்கள் என்று ஒதுக்குவது அறமாகாது. ஏட்டுச் சுவடிகளில் பாடபேதம் பார்ப்பவர்களிடம் நாம் மதிக்கும் அதே பொறுமை இவர்களிடமும் இருக்கிறது.

‘பி.டி.’ என்ற சிறு முன்னோட்டத்துக்கு நேர்ந்ததும் இதே கதைதான். புகழ்பெற்ற கேம் படைப்பாளி ஹிதேயோ கொஜிமா இயக்க, திரைப்பட இயக்குநர் கில்லர்மோ டெல் டோரோ கைகோத்து உருவாக்கவிருந்த புதிய சைலண்ட் ஹில்லின் முன்னோட்டமாக அது 2014 ஆகஸ்டில் பிளேஸ்டேஷன் 4இல் இலவசமாக வந்தது. திரும்பத் திரும்ப அதே வீட்டு நடைபாதைக்குள் நடக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று மாறியிருக்கும். முழு கேம் கைவிடப்பட்டு, 2015 ஏப்ரலில் இந்த முன்னோட்டமும் நீக்கப்பட்டது. ஏற்கெனவே பெற்றவர்களாலும் மறுபடி பதிவிறக்க முடியவில்லை. அதனால்தான் அதை அழிக்காமல் வைத்திருக்கும் பழைய கன்சோல்களை ரசிகர்கள் இன்றும் பொத்திப் பாதுகாக்கிறார்கள்.

ரீமேக்கை நான் குறைத்துப் பேசவில்லை. போலந்தைச் சேர்ந்த ப்ளூபர் டீம் நிறுவனம் உருவாக்கி 2024 அக்டோபரில் வெளியான அந்த கேமை நானும் முழுமையாக விளையாடியிருக்கிறேன். யமவோகாவும், உருவங்களை வடிவமைத்த மசாஹிரோ இட்டோவும் அதில் பங்கேற்றார்கள். முதல் முன்னோட்டக் காட்சி வந்தபோது ரசிகர்களில் பலர் கடுமையாகச் சாடினார்கள். அவர்களில் சிலரின் சொற்கள் வரம்பு மீறியவை என்பதை மறுக்க மாட்டேன். கேம் நன்றாக அமைந்துவிட்டது என்று கண்டதும் அதை முன்னின்று பாராட்டியவர்களும் அதே ரசிகர்கள்தான். கேமில் அங்கங்கே சிதறிக் கிடக்கும் 26 புகைப்படங்களில் உள்ள பொருள்களை எண்ணி, அந்த எண்ணுக்குரிய எழுத்தை ஒவ்வொரு படத்தின் குறிப்பிலிருந்தும் பொறுக்கிச் சேர்த்தால், ‘நீ இருபது ஆண்டுகளாக இங்கேதான் இருக்கிறாய்’ என்ற பொருளில் ஒரு வாசகம் கிடைக்கும். வெளியான சில வாரங்களிலேயே இதைக் கண்டுபிடித்தவர் ஒரு ரசிகர். உருவாக்கியவர்கள் தங்கள் ரசிகர்களை எவ்வளவு நன்றாகப் புரிந்து வைத்திருந்தார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஆயினும் இரண்டும் வேறு வேறு படைப்புகள். ரீமேக்கில் கேமரா ஜேம்ஸின் தோளுக்குப் பின்னால் நிற்கிறது. பழையதில் கேமரா பல இடங்களில் கூரையின் மூலையில், நடைபாதையின் மறுகோடியில் இருந்து அவரைப் பார்க்கும். ரேடியோ இரைகிறது, அவர் முகம் எதையோ நோக்கித் திரும்புகிறது, நமக்கோ அது தெரியவில்லை. ரீமேக்கின் ஜேம்ஸ் அடிக்கு விலகி ஒதுங்கத் தெரிந்தவர். பழைய ஜேம்ஸ் ஆணி அடித்த பலகையைச் சுழற்றக்கூடத் தடுமாறும் சாதாரண மனிதர். இந்தத் தடுமாற்றம் தொழில்நுட்பக் குறை என்று கட்டுரையாளர் கருதக்கூடும். என்னைப் பொறுத்தவரை அந்தப் பாத்திரத்தின் பாதி அதில்தான் இருக்கிறது. ஒரு திரைப்படம் மறுபடி எடுக்கப்பட்டால் முந்தைய படத்தைப் பார்க்க விரும்புகிறவரை யாரும் குறை சொல்வதில்லை. கேம்களுக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டில் வெளியான பழைய கேம்களில் 87 விழுக்காடு இன்று கடைகளில் வாங்கக் கிடைப்பதில்லை. சைலண்ட் ஹில்லுக்காவது உழைக்க ஆள் இருக்கிறார்கள். பெயர் தெரியாத எத்தனையோ கேம்களுக்கு அதுவும் இல்லை. முதல் பாகத்துக்கும் ரீமேக் வருகிறது என்று 2025 ஜூனில் கொனாமி அறிவித்திருக்கிறது. அது வெளியாகும் நாளில், 1999இன் மூல வடிவத்தையும் அதன் பனியோடும் கரடுமுரடான உருவங்களோடும் இன்றைய கருவிகளில் ஓடும்படி உடன் விற்க வேண்டும் என்பதே ரசிகர்கள் முன்வைக்கும் கோரிக்கை, என்னுடையதும் அதுவே. அந்த ரீமேக்கைத் தங்கள் இதழ் மதிப்பிடும்போது, மூல வடிவம் எங்கே கிடைக்கும், எந்த நிலையில் கிடைக்கும் என்பதையும் ஒரு பத்தியில் சேர்த்து எழுதுமாறு கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்