குளிரில் சோதித்துப் பேட்டரியைக் கழிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உதகையில் பேட்டரி பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

மார்கழி, தை மாதங்களில் மின்சார ஸ்கூட்டர் வைத்திருப்போர் பலரும் சொல்லும் குறை ஒன்றுதான்: திரையில் முப்பது சதவீதம் சார்ஜ் காட்டிய வண்டி, காலையில் ஏற்றத்தில் நின்றுவிடுகிறது. சர்வீஸ் நிலையத்தில் சோதித்துவிட்டு, பேட்டரியின் கொள்ளளவு குறைந்துவிட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்கிறார்கள். அப்படிக் கழிக்கப்பட்டு என்னிடம் வந்த சில பேட்டரிகள், வெதுவெதுப்பான அறையில் வைத்துச் சோதித்தபோது நன்றாகவே இருந்தன.

பெட்ரோல் டாங்கைப் போல லித்தியம் பேட்டரியில் மிச்சத்தை நேரடியாகப் பார்க்க வழியில்லை. உள்ளே போகும், வெளியே வரும் மின்னோட்டத்தை ஒரு சில்லு கணக்கிட்டுக்கொண்டே வந்து, பேட்டரி ஓய்ந்திருக்கும்போது மின்னழுத்தத்தைப் பார்த்து அந்தக் கணக்கைத் திருத்திக்கொள்கிறது. மொத்தக் கொள்ளளவை அது கற்றுக்கொள்வதற்காகவே முழுதாக ஏற்றி, ஓயவிட்டு, கீழ் எல்லை வரை இறக்கி, மறுபடியும் ஓயவிடுகிறோம். காலிபரேஷன் என்பது இதுதான். இதை ஐந்து டிகிரி குளிரில் செய்தால், செல்லின் உள் மின்தடை 25 டிகிரியில் இருப்பதைவிடப் பெரிதும் கூடியிருப்பதால், அதே சுமையில் மின்னழுத்தம் சீக்கிரமே சரிந்து, உள்ளே சார்ஜ் மிச்சமிருக்கும்போதே செல்லுக்கு 3 வோல்ட் போன்ற கீழ் எல்லையைத் தொட்டுவிடும். அதுவரை வெளிவந்ததையே மொத்தக் கொள்ளளவு என்று சில்லு பதிந்துகொண்டால், அந்தத் தவறான எண் சித்திரை வெயிலிலும் மாறாது.

ஓயவிடும் நேரமும் முக்கியம். குளிரில் மின்னழுத்தம் நிலைகொள்ள அதிக நேரம் பிடிக்கும் என்பதால், கோவையில் போதுமான ஓய்வு இங்கே போதாமல் போகலாம். இரும்பு பாஸ்பேட் வகைப் பேட்டரிகளில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும்; நடுப்பகுதியில் அவற்றின் மின்னழுத்தம் 3.3 வோல்ட்டை ஒட்டியே கிடப்பதால், சில மில்லிவோல்ட் பிசகினாலே சதவீதக் கணக்கு வெகுவாகத் தவறிவிடும்.

வெயிலில் வைத்தோ ஹீட்டர் பக்கத்தில் வைத்தோ அவசரமாகச் சூடேற்றுவதும் தீர்வாகாது. வெளிச் செல்லில் ஒட்டியுள்ள வெப்ப உணரி 25 டிகிரி காட்டும். நடுவிலுள்ள செல்கள் அப்போதும் சில்லிட்டே இருக்கும். தலைகுந்தா பக்கம் உறைபனி விழும் இரவுகளில் வெளியே நின்ற வண்டியை உடனே சார்ஜில் போடவும் கூடாது. பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் செல்லின் நெகட்டிவ் முனையில் லித்தியம் உலோகமாகப் படிந்து, செல் உண்மையிலேயே கெட்டுவிடும்.

ஆகவே, மலைப்பகுதி சர்வீஸ் நிலையங்கள் பேட்டரியை 20 முதல் 25 டிகிரி உள்ள அறையில் ஓர் இரவு முழுவதும் வைத்திருந்து, அதே வெப்பநிலையில்தான் காலிபரேஷனைத் தொடங்கி முடிக்க வேண்டும். தொடக்கத்திலும் முடிவிலும் இருந்த வெப்பநிலையை ஜாப் கார்டில் எழுதித் தர வேண்டும். அந்த இரண்டு எண்களும் இல்லாமல் புதுப் பேட்டரிக்குப் பணம் கேட்டால், மறுசோதனை கோரும்படி வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
உதகமண்டலம்.